ஒன்பதடிக் கோல்

மொன்டானாவில் நான் விட்டுவந்த ஆற்றில்
எதிர்க்கரை ஆளின் முகம் தெரியாது.
கூப்பிட்டால் குரல் பாதி வழியில் நனைந்துவிடும்.
அதற்கென்று வாங்கிய ஒன்பதடிக் கோலை
விஸ்கான்சினின் இந்த மேய்ச்சல் பள்ளத்தாக்குக்குக்
கொண்டுவந்திருக்கிறேன்,
இரட்டைக் கட்டிலை
ஒற்றையறைக்குள் நுழைக்கப் பார்ப்பவனாக.

ஓடையை
ஒரு கன்று யோசிக்காமல் தாண்டுகிறது.

மாரிட்டுக்கு இங்கே கூட்டுறவுப் பால்பண்ணையில் வேலை.
கொழுப்பளக்கிறாள்.
எனக்குக் கூரைவேலை;
ஜூன் வரை யாரும் கூப்பிடப் போவதில்லை.
பெட்டிகள் பாதி பிரிக்காமல் கிடக்கக்
கிளம்பிவிட்டேன்.

தோளுக்கு ஊர் மாறியது தெரியவில்லை.
முதல் வீச்சு: பின்னால் ஆல்டர் மரம்.
இரண்டாவது: அதே மரம், வேறு கிளை.
மூன்றாவதில்
நனைந்த நூல் மின்வேலியைத் தொட
முழங்கைக்குள் ஒரு குதிரை உதைத்தது.
முப்பது பசுக்கள் மெல்வதை நிறுத்திப் பார்த்தன.
பிறகு மென்றன.

வேலிக்காரி லவோன் டோலெஃப்சன்
நான்கு சக்கர வண்டியில் சரிவிறங்கி வந்தாள்.
"கேட்டை மூடினீங்களா?"
மூடினேன்.
"எந்த ஊர்?"
சொன்னேன்.
"அங்கே மீனெல்லாம் பெரிசாச்சே" என்றாள்.
இரக்கமா, கணக்குத் தீர்த்தாளா,
எஞ்சின் இரைச்சலில் பிடிபடவில்லை.

இங்கே தண்ணீர்
சுண்ணாம்புப் பாறையின் உள்ளேயிருந்து வருகிறது.
குனிந்து ஒரு வாய் குடித்தால் பல் கூசுகிறது.
அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் வரி தெரியும்.
எனக்கு அது தெரிந்தால்
மீனுக்கு நான் எவ்வளவு தெரிவேன்!
நான் போகும் முன்பே என் நிழல் போய்
சேதி சொல்லிவிடுகிறது.
ஒரு மடுவில் ஏழு, அடுத்ததில் நான்கு,
கருங்கோடுகளாகச் சிதறிக்
கரைக்கடியில் ஒளிந்தன.

நான்காம் நாள் மண்டியிட்டேன்.
பக்தி ஒன்றுமில்லை,
முழங்கால் வைத்த இடம் சாணி.
தவழ்ந்து போய், நீர்க்கீரைப் புதருக்குப் பின்னால்
மூச்சு வாங்கிக் கிடந்தேன்.
வீச இடமில்லை.
கோலை மட்டும் நீட்டினேன்
பரணிலிருந்து எதையோ எடுக்கிறவன் மாதிரி.
நுனியில் ஒரு முழ நூல்,
அதில் மான்மயிர் சுற்றிய பொய் ஈ.
எதிர்க்கரைப் புல் தண்ணீரில் தலைசாய்க்கும் இடத்தில்
அது நீரைத் தொட்டது.
தொட்டதா என்பதுகூடச் சந்தேகம்.

ஒரு சத்தம்.
யாரோ உதடு பிரித்தது போல.

கைக்குள் அடங்கிவிட்டது.
சாணுக்கு நான்கு விரற்கடை குறைவு.
முதுகில் புழு ஊர்ந்த தடங்கள்,
விலாவில் சிவப்புப் புள்ளிகள்,
ஒவ்வொன்றைச் சுற்றியும்
யாரும் கேட்காமலே போட்டுவைத்த நீல வளையம்.
துடுப்பின் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு.
பெரிய ஆற்றில் இருபத்திரண்டு வருஷம்;
ஒரு மீனையும்
இவ்வளவு கிட்டத்தில் நான் படித்ததில்லை.
அங்கே அளந்தேன், படம் எடுத்தேன்.

எதிர்முள் நசுக்கிய தூண்டில்
தானே கழன்றது.
மீன் உடனே போகவில்லை.
என் விரல்களின் நிழலில்
இரண்டு முறை செவுள் அசைத்துவிட்டு,
பிறகு அது இல்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டதென்று
சொல்ல மாட்டேன்.
இரவில் ட்வைட் அழைத்தான்,
பனி உருகி ஆறு பெருகுகிறதாம்.
எத்தனை அங்குலம் என்று கேட்டான்.
ஐந்து என்றேன்.
"தூண்டிலுக்கு இரையா?" என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
அவன் பின்னால் ஆறு கேட்டது,
அல்லது தொலைபேசியின் இரைச்சல்.

அதற்கு முன், அன்று மாலை,
பாதி வழி வந்தபிறகு
காரைத் திருப்பினேன்.
கேட்டை மூடினேனா?

மூடித்தான் இருந்தது.
கம்பி வளையம் கம்பத்தில் சரியாக மாட்டியிருந்தது.
இருந்தாலும் இறங்கி
ஒரு முறை கழற்றி
மறுபடி மாட்டினேன்.
பசுக்கள்
இந்த முறை தலை தூக்கவில்லை.